மிஷன் குவார்ட்டர்ஸ்: வாடகை இல்லாத வீட்டின் கணக்கு

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மனிதரை மீட்கும் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில், வேலை செய்பவருக்கு அந்த வளாகத்துக்குள்ளேயே வீடு கொடுத்துவிடுவது வழக்கம். வாடகை கிடையாது. தண்ணீரும் மின்சாரமும் பெரும்பாலும் நிர்வாகத்தின் கணக்கில் போகும். தனியாள் என்றால் சாப்பாடு பொதுச் சமையலறையில். கையில் வரும் சம்பளம் மட்டும் வெளியே அதே வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும். இதைத் தர்மம் என்று சொல்பவர்கள் உண்டு. சுரண்டல் என்பவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. அந்த வீடு முதலில் ஒரு வேலைக்கருவி, அடுத்து சம்பளத்தின் ஒரு பங்கு. எந்தப் பங்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்காததால்தான் பின்னால் சிக்கல் வருகிறது.

வேலைக்கருவி என்று சொல்வதற்குக் காரணம் நோயின் தன்மையில் இருக்கிறது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குவளை இறங்கிய ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தோன்றும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் கதவை உடைக்கப் போனால், எட்டு மணி ஷிப்டுக்கு பஸ் பிடித்து வருகிற வார்டன் பயன்படமாட்டார். நூறு அடி தூரத்தில் தூங்குகிறவர் வேண்டும்.

உடல் தெளிந்த பிறகு வரும் வாரங்களில் தேவை வேறு மாதிரி ஆகிறது. காலை ஜெபம், தோட்ட வேலை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, மாலை வேதபாடம் என்று நாள் முழுவதும் ஒரு ஒழுங்கு ஓடும். அந்த ஒழுங்கை நடத்துபவர்கள் அதே முற்றத்தில் துணி உலர்த்தி, அதே குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கும் ஒரு பயன் உண்டு. குடிக்காமல் ஒரு குடும்பம் சாதாரணமாக நாளைக் கழிப்பதை, வருடக்கணக்கில் அப்படி ஒன்றைப் பார்க்காதவர் அங்கே பார்க்கிறார். பிரசங்கம் செய்யாததை இது செய்துவிடும் என்பது இத்துறையில் இருப்பவர்களின் நம்பிக்கை.

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை போன்ற இடத்தில் இந்தத் தேவைக்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் சேர்கிறது. பெரிய கோயிலுக்கு மறுபக்கம், மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அது. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் அந்தப் பாதை நடப்பவர்களுக்கே உரியது. வண்டிகள் தடுத்துத் திருப்பிவிடப்படும். நகரத்திலிருந்து இரவுப் பணிக்கு வர வேண்டிய செவிலியர் அன்று வந்து சேர்வது பாடுதான். அதோடு, மலையைச் சுற்றி ஆசிரமங்களும் விடுதிகளும் பெருகியதில் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறிவிட்டன. சிறு சம்பளக்காரர் பாதையோரத்தில் தனியாக வீடு எடுப்பது கஷ்டம். ஆசிரமங்கள் தங்கள் சேவகர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து வைத்துக்கொள்வதை இந்த ஊர் நெடுநாளாகப் பார்த்து வருகிறது. மிஷன் செய்வதும் ஏறக்குறைய அதுவே. பெயரும் கணக்கு எழுதும் முறையும்தான் வேறு.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்தின் வேர் தெற்கே இருக்கிறது. 1799இல் சாத்தான்குளம் அருகே முதலூர் உருவானபோது, மதம் மாறியதற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொள்ள இடம் தரப்பட்டது. ஊழியமும் குடியிருப்பும் அப்போதே ஒன்றாகிவிட்டன. அதன் பிறகு எழுந்த மிஷன் காம்பவுண்டுகளில் நடுவே பங்களா, பக்கத்தில் ஆலயமும் பள்ளியும், ஓரத்தில் உபதேசியார், வாத்தியார், சமையல்காரர், காவல்காரர் வீடுகள் என்று ஓர் அமைப்பு நிலைத்தது. யார் எவ்வளவு பெரியவர் என்பதைத் திண்ணையின் அகலமே சொல்லிவிடும். திருவண்ணாமலை, திருக்கோவிலூர் பக்கம் டேனிஷ் மிஷன் பணி செய்தது. அந்த மிஷனின் பெயரில் திருவண்ணாமலையில் இன்றும் பள்ளி நடக்கிறது.

மீட்பு வேலைக்கென்றே அமைந்த குடியிருப்புக்கு நெல்லை மாவட்டத்து டோனாவூரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1895இல் இந்தியா வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1901 முதல் அங்கே கோயில் பணிக்கு விடப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் இல்லம் நடத்தினார். 1951இல் அங்கேயே காலமானார். அங்கே ஊழியம் செய்த பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்தியப் பெண்கள் ‘அக்காள்’, ஐரோப்பியப் பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, ஏமி எல்லோருக்கும் ‘அம்மா’. குழந்தைகள் சிறு வீடுகளாகப் பிரிந்து வாழ, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அக்காள் பொறுப்பு. ஊழியர் குடியிருப்பு என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. குழந்தைகளின் வீடே ஊழியரின் வீடு. வேலைக்கு வருவதும் குடும்பத்தில் சேர்வதும் ஒன்றே என்பதால் வாடகை, சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. முதுமையிலும் அந்த வளாகமே அவர்களைத் தாங்கியது. இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் முழு ஈடுபாடு. இதன் விலையும் அதுதான். திருமணம் செய்துகொண்டு தனிக் குடும்பம் நடத்த விரும்பியவருக்கு அதில் இடம் குறைவு.

திருவண்ணாமலைக்கு அருகிலேயே இன்னொரு பாதை தோன்றியது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். முன்னவர் தமிழர், பின்னவர் வசதியான ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்கள் அழைக்கப்பட்டார்கள். பங்களாவில் வெள்ளைக்காரரும் ஓரத்து வீட்டில் இந்திய ஊழியரும் என்ற மிஷன் காம்பவுண்டு வரிசை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதர் உடுத்து, தரையில் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்டு, திருமணம் செய்யாமல், சம்பளம் வாங்காமல் நோயாளிகளைப் பார்த்தார்கள். இலவச வீடு என்பது அங்கே வசதியின் அடையாளமாக இல்லாமல் சமத்துவத்தின் அடையாளமாக மாறியது. மிஷன் குவார்ட்டர்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதுண்டு: எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு தருவதும், பதவிக்கேற்ப வீடு தருவதும் வேறு வேறு நிறுவனங்களை உருவாக்கும்.

வேலூர்ப் பக்கம் வந்தால் கதை தொழுநோயோடு சேர்கிறது. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியான பிறகும் அந்த இளைஞர்களுக்குத் தங்க இடமோ வேலையோ கொடுக்க வெளியே ஆளில்லை. 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் மண் குடிசைகள் எழுந்து, அங்கே அவர்கள் தச்சு வேலை கற்றார்கள். 1955இல் காட்பாடி அருகே கரிகிரியில் ஷீஃபிலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தது. நகரத்திலிருந்து ஒதுங்கிய வறண்ட நிலம் அது. மருத்துவர், செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர் என்று பலரை அங்கே வரவழைக்க வேண்டுமென்றால் வீடு கட்டித்தான் ஆக வேண்டும். தொழுநோயாளிகளோடு வேலை செய்கிறார் என்றாலே முகம் சுளித்த காலமும் அது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்ச்சி மரங்கள் நட்டு, மழைநீரைத் தேக்கி, பொட்டல் காட்டைச் சோலையாக்கினார். மருத்துவமனை நிர்வாகியின் வேலைப் பட்டியலில் மரம் நடுவது இருக்காது. அங்கே குடியிருப்பவருக்குத்தான் நிழலின் அருமை தெரியும்.

வீட்டையே ஊழிய விதியின் மையத்தில் வைத்த அமைப்பு இரட்சணிய சேனை. லண்டன் சேரிகளில் குடிகாரர்களிடையே பிறந்த இயக்கம் இது. 1890இல் அதன் நிறுவனர் வில்லியம் பூத் வகுத்த திட்டத்தின்படி மறு ஆண்டே எஸ்ஸெக்ஸ் பகுதியின் ஹேட்லியில் பண்ணைக் குடியிருப்பு ஒன்று தொடங்கி, வேலையற்றவர்களையும் குடிக்கு அடிமையானவர்களையும் உழைப்பின் வழியாக மீட்க முயன்றது. இந்தியாவுக்குச் சேனை வந்தது 1882இல். அதை நடத்தி வந்த ஃபிரெடரிக் டக்கர் காவி உடுத்து ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். நாகர்கோவிலில் உள்ள காத்தரின் பூத் மருத்துவமனை தமிழ்நாட்டில் சேனையின் பெரிய அடையாளம். சேனையின் அதிகாரிகளுக்குச் சம்பளம் என்று பெரிதாக இல்லை. படித்தொகையும் வீடும் உண்டு. வீட்டிலுள்ள கட்டிலும் மேசையும்கூடச் சேனையுடையவை. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும், அடுத்த ஊரில் அதே மாதிரி வீடு காத்திருக்கும். மாற்றலுக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒருவரின் வாழ்நாள் முழுவதும் சொந்தமாக ஒரு நாற்காலிகூடச் சேராமல் போவதும் இதே ஏற்பாட்டினால்தான்.

போதை மீட்பு இல்லங்களுக்கு வரும்போது புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் வேறு, நோயாளி வேறு. போதை மீட்பில் நேற்றைய நோயாளியே இன்றைய ஊழியர். 1981இல் மும்பை பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரேரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை உள்பட, இந்தியாவிலும் உலகெங்கும் பல அமைப்புகள் மீண்டவர்களையே ஊழியர்களாக வைத்திருக்கின்றன. குடித்தவனின் பொய் குடித்தவனுக்குத்தான் உடனே பிடிபடும் என்பதில் உண்மை இருக்கிறது. அப்படி மீண்டு வந்தவருக்கு வீடு பெரும்பாலும் போயிருக்கும். மனைவி தாய்வீட்டில், அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தையில்லை, பழைய தெருவுக்குப் போனால் பழைய கூட்டாளிகள். வளாகத்துக்குள் கிடைக்கும் ஓர் அறை அவருக்குக் கூரை மட்டும் இல்லை, டாஸ்மாக் கடை இருக்கும் தெருவிலிருந்து விலகி நிற்க ஓர் இடம். 1983இல் தொடங்கிய அரசு மது நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்ட பிறகு, அந்தத் தெருவைத் தவிர்ப்பது தமிழ்நாட்டில் லேசான காரியமாக இல்லை.

ஆபத்தும் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வேலை, வீடு, சிகிச்சை, சபை, நண்பர் வட்டம் ஐந்தும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கையோடு முரண்பட யாருக்குத் துணிவு வரும்? 1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினானன் என்ற மீட்புக் குடியிருப்பு இதற்கு எடுத்துக்காட்டு. ஹெராயினிலிருந்து பலரை மீட்டதாகப் புகழ்பெற்றது. உள்ளே வந்தவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே வேலை செய்து, வெளியே போவதையே மறந்தார்கள். கடைசியில் தலைவரின் சொல்லுக்கு முன் எவரும் வாய் திறக்க முடியாத மூடிய கூட்டமாகி, வன்முறை வழக்குகளில் சிக்கி, 1991இல் கலைந்தது. வீடு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. வெளியே வேறு வீடில்லாதவர்கள் எதிர்க்கமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

உணவும் வீடும் கூலியாகுமா என்ற கேள்வியில் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. ஆர்கன்சாவைச் சேர்ந்த அலாமோ அறக்கட்டளை பெட்ரோல் நிலையங்கள், துணிக்கடைகள் போன்ற வியாபாரங்களை நடத்தியது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் போதையிலிருந்தும் குற்றத்திலிருந்தும் மீண்டு வந்தவர்கள். பணச் சம்பளம் இல்லை. உணவு, உடை, இருப்பிடம் உண்டு. தாங்கள் தொண்டர்கள், சம்பளம் கேட்பதே தங்கள் நம்பிக்கைக்கு இழுக்கு என்று அவர்களே சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலைக்கு ஈடாக எதிர்பார்த்துப் பெறும் உணவும் வீடும் வேறு உருவத்தில் வரும் கூலியே என்றும், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்றும் 1985இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஊழியர் மனமொப்பி விட்டுக்கொடுத்தாலும் சட்டம் விட்டுக்கொடுக்காது என்பதே அதன் சாரம்.

இந்தியச் சட்டம் இதே கேள்விக்கு இரண்டு முகம் காட்டியது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, தர்ம நிறுவனங்களும் அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. கூடவே, நோக்கத்தில் பங்குகொள்ளும் ஆசையால் இலவசமாகவோ சிறு தொகைக்கோ வேலை செய்யும் ஆசிரமவாசிகள் போன்றோரின் இடங்களுக்கு விலக்கும் அளித்தது. டோனாவூர் அக்காளும் திருப்பத்தூர் அண்ணனும் இந்த விலக்கைச் சேர்ந்தவர்கள் என்று வாதிடலாம். மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநரையும் சமையல்காரரையும் செவிலியரையும் அதே வரிசையில் நிறுத்த முடியாது. 2025 வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கூலியைப் பணமாகத் தரச் சொன்னதோடு, குடியிருப்பின் மதிப்பைக் கூலிக் கணக்கில் சேர்க்கவும் கூடாது என்றது. ‘வீடு கொடுத்திருக்கிறோமே’ என்று சொல்லி அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே போக அதில் வழியிருக்கவில்லை.

வருமான வரியைப் பொறுத்தவரை, நிறுவனம் தன் சொந்த வீட்டை வாடகையின்றிக் கொடுத்தால் அது ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்படும். 2023 செப்டம்பர் முதல், 15 லட்சத்துக்கு மேற்படாத மக்கள் தொகை கொண்ட ஊர்களில் சம்பளத்தின் 5 சதவீதம் அந்தச் சலுகையின் மதிப்பாகச் சேர்க்கப்படுகிறது. திருவண்ணாமலை இந்தப் பிரிவில்தான் வரும். மிஷன் சம்பளங்களில் பல வரி வரம்பையே தொடாததால் இது அநேகருக்குக் காகிதக் கணக்கு.

காகிதக் கணக்காக இல்லாதது ஓய்வுக்காலப் பணம். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கையில் வரும் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இலவச வீட்டின் மதிப்பு பெரும்பாலும் அவற்றில் ஏறாது. மாதம் 12,000 ரூபாய் பெற வேண்டியவர், வீட்டுக்காக 4,000 குறைத்துக்கொண்டு 8,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டு கழித்து ஓய்வு பெறும்போது, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற பணிக்கொடை விதிப்படி அவருக்குக் கிடைப்பது சுமார் 92,300 ரூபாய். முழுச் சம்பளமும் பணமாக வந்திருந்தால் ஏறத்தாழ 1,38,500. வைப்பு நிதியிலும் இதே விகிதத்தில் குறையும். வீட்டு வாடகையை மிச்சப்படுத்தியதாக நினைத்த இருபது ஆண்டுகளில், வீடு கட்டவோ வாடகைக்குப் போகவோ உதவக்கூடிய பணமும் சேராமல் போயிருக்கும்.

குடும்பத்தோடு இருப்பவருக்கு அன்றாடச் சங்கடங்களும் உண்டு. யார் விருந்துக்கு வருகிறார்கள், கல்லூரிக்குப் போகும் மகள் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், ஞாயிறு ஆராதனைக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்றால், அது குடும்ப விஷயமாக முடியாமல் இல்லத்தின் விதி மீறலாக ஆகிவிடும். விடுமுறை நாளிலும் கதவு தட்டப்படும். வேலையிலிருந்து வீட்டுக்குப் போவது என்ற அந்தச் சிறு தூரமே இல்லாதவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். மீண்டு வந்த ஊழியர் களைத்தால் திரும்பக் குடிக்கும் அபாயமும் உண்டு. அப்படி ஒருநாள் அவர் சறுக்கினால், வேலை போகிற அதே நாளில் வீடும் போகும். ஆதரவு மிக அதிகமாகத் தேவைப்படும் வேளையில் தெருவுக்கு வந்து நிற்பார். மீட்பு இல்லம் நடத்துபவர்கள் தங்கள் விதிகளில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

சட்டப்படி குவார்ட்டர்ஸில் இருப்பவர் வாடகைக்காரர் ஆகமாட்டார். வேலை இருக்கும் வரை இருக்க அனுமதி பெற்றவர், அவ்வளவே. வேலை முடிந்ததும் காலி செய்யக் கேட்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. ஊழியர் திடீரென இறந்துபோனால் மனைவி பிள்ளைகளின் நிலையும் அதுவே. பல இடங்களில் பள்ளி ஆண்டு முடியும் வரை இரக்கத்தின் பேரில் விட்டுவைப்பார்கள். நிர்வாகம் மாறினால் இரக்கமும் மாறலாம்.

ஆகவே வேலைக்கு அமர்த்தும்போதே வீட்டுக்கென்று தனிக் கடிதம் ஒன்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. அந்த வீட்டுக்கு வெளியே என்ன வாடகை, அதற்காகச் சம்பளத்தில் ஏதாவது குறைக்கப்பட்டிருக்கிறதா என்பது அதில் இருக்க வேண்டும். இரவு அழைப்புக்கு யார் யார் எந்தெந்த நாளில் பொறுப்பு, எந்த நாளில் கதவு தட்டக்கூடாது என்பதும் வேண்டும். ஊழியர் சறுக்கினால் சிகிச்சை முடியும் வரை குடும்பம் வீட்டில் இருக்கலாம் என்ற உறுதி, ஓய்வுக்கும் மரணத்துக்கும் எத்தனை மாத அவகாசம் என்ற விவரம் ஆகியவையும் சேர வேண்டும். சம்பளத்தைக் குறைத்த நிர்வாகம் அந்தக் குறைப்பில் ஒரு பங்கை ஊழியர் பெயரில் மாதாமாதம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டுவந்தால், ஓய்வு பெறும்போது வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் கையில் வேறு வீட்டுக்கு முன்பணமாவது இருக்கும்.